இரண்டு வீட்டுச் சாமான்

அன்ரோனெற் முதலாம் வகுப்பு அனுமதிப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தாள். பிறகு கீழிருந்து மேலாக வாசித்தாள். மகள் பிறின்சியின் பெயர் எந்தப் பக்கத்தாலும் வரவில்லை.

அறிவித்தல் பலகையைச் சுற்றி நின்ற தாய்மார் சிலர் சிரித்தார்கள். ஒருத்தி அங்கேயே நின்று புருசனுக்குப் போன் எடுத்து, "எங்கட பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது" என்று கத்தினாள்.

வெள்ளாங்குளத்தை விட்டுக் கீரிக் கடற்கரைக்குக் குடிவந்ததே இந்தப் பள்ளிக்கூடத்துக்காகத்தான். பாஸ்காத் திருநாள் முடிந்த கையோடு, தன் சீதனக் காணியில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டுக்குப் புருசன் பஸ்ரியனையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். இடப்பெயர்வில் மரத்தடிக்கு மரத்தடி மாறி, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மகளாவது ஒரே பள்ளிக்கூடத்தில், கூரைக்குக் கீழே, நாலு பிள்ளைகளோடு இருந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இதைப் பேராசை என்று யார் சொல்வார்கள்?

பஸ்ரியனின் தமையன் எட்வேட் சொன்னார். அவருடைய பிள்ளைகள் கழுத்தில் ரை கட்டி, வான் வண்டியில் ஏறி, தனியார் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள். "அரசாங்கப் பள்ளிக்கூடத்தில என்ன கிடக்கு? நான் ஒரு சொல்லுச் சொன்னா அங்க இடம் ரெடி" என்று போன கிழமையும் சொல்லிவிட்டுப் போனார். சொந்தமாக மூன்று வள்ளம் ஓடுகிறவருக்கு அது ஒரு சொல்தான். ஒரு வள்ளமும் அதை ஓட்டுகிற ஒரு மிசினும் வைத்திருக்கிற பஸ்ரியனுக்கு அது அப்படியல்ல.

அன்ரோனெற் முகத்தைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கந்தோருக்குள் போனாள்.

முதலாம் வகுப்பு அனுமதியைப் பார்ப்பவர் சிவலட்சுமி ரீச்சர். அடம்பனிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நெல்லும் மாடுமாக இருக்கிற வீட்டிலே பிறந்தவர். கெட்ட மனுசியல்ல. ஆனால் தன் கண்ணால் கண்டதை மாற்றிச் சொல்லத் தெரியாதவர்.

"நாங்கள் உங்கட வீட்டுக்கு வந்தனாங்கள்" என்றார் ரீச்சர். "கதவு பூட்டு. சரி, வேலைக்குப் போயிருப்பினம் எண்டு யன்னலுக்குள்ளால பாத்தம். ஒரு பாய் இல்லை, ஒரு பானை இல்லை. சுவாமித் தட்டிலகூட ஒண்டுமில்லை. அந்த வீட்டில ஆர் இருக்கினம்?"

"நாங்கள்தான் மிஸ். வாடிக்குப் போனனாங்கள்."

"பக்கத்து வீட்டு அம்மாவும் அதைத்தான் சொன்னவ. இனி வாடைக் காத்து முடியத்தான் வருவினமாம். அப்ப அது குடியிருக்கிற வீடோ?"

வடக்கிலிருந்து வாடைக் காற்று எழும்பினால் கீரிக் கடல் குழம்பிவிடும். தெற்கே சிலாவத்துறைப் பக்கம் கடல் அமர்ந்து கிடக்கும். வள்ளமும் வலையுமாகக் குடும்பமே அங்கே போய், கரையில் ஓலைக் கொட்டில் போட்டு, காற்று மாறும்வரை இருக்கும். அந்தக் கொட்டில்தான் வாடி. சட்டி பானை, பாய் தலையணை எல்லாம் கூடவே போகும். பஸ்ரியன் வீட்டாருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. விளக்கு வைக்க ஆளில்லாத வீட்டில் புனிதரின் சுரூபத்தை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். அந்தோனியாரும் சாரத்தைச் சுற்றிக்கொண்டு வாடிக்குப் புறப்பட்டுவிடுவார்.

வீடு பார்க்க வருவார்கள் என்று அன்ரோனெற்றுக்கு முன்னமே சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அது நினைவில் இல்லாமலும் இல்லை. ஆனால் வாடிக்குப் போவதை வீட்டை விட்டுப் போவதாக அவளுடைய ஏழு தலைமுறையில் எவரும் நினைத்ததில்லை. அவளும் நினைக்கவில்லை. அங்கேதான் பிழையாகிப் போனது.

"எங்கட பக்கம் வீட்டை இப்பிடித் துடைச்சு எடுத்துக்கொண்டு போனா, குடியெழும்பிப் போட்டினம் எண்டுதான் அர்த்தம்" என்றார் ரீச்சர். "விலாசத்துக்காக மட்டும் வீட்டைக் காட்டுற ஆக்கள் எத்தினை பேரெண்டு உங்களுக்குத் தெரியுமோ? உண்மையா ஊரில இருக்கிற பிள்ளையின்ர இடத்தையெல்லோ அவை பறிக்கினம்."

"மற்றப் பள்ளிக்கூடத்தில கேட்டா, உங்கட விலாசத்துக்குக் கிட்ட இருக்கிறதுக்குப் போங்கோ எண்டு இஞ்சதான் காட்டுகினம். நீங்களும் இல்லையெண்டா நான் பிள்ளையை எங்க கொண்டுபோறது மிஸ்?"

மேன்முறையீட்டுக்கு இன்று ஒரு நாள்தான் தந்திருந்தார்கள்.

"இன்னொருக்கா வந்து பாருங்கோ மிஸ். இண்டைக்கே வாங்கோ. உங்கட காலில விழுந்து கேக்கிறன்." அன்ரோனெற் உண்மையாகவே குனிந்தாள். ரீச்சர் பதறிப்போய் எழும்பினார்.

"எழும்புங்கோ, இதென்ன வேலை! சரி. பின்னேரம் எங்கட மாஸ்ரர் ஒருத்தரோட வாறன். தகப்பனும் பிள்ளையும் வீட்டில நிக்கவேணும். வீடு வீடா இருக்கவேணும்."

பள்ளிக்கூட வாசலில் நின்றே அன்ரோனெற் பஸ்ரியனுக்குப் போன் எடுத்தாள். பிறின்சியும் அவனோடு வாடியில்தான் நின்றாள்.

"பேர் இல்லை" என்றாள்.

காற்றுச் சத்தத்துக்கு மேலால் பஸ்ரியன் குரலை உயர்த்தினான்.

"அலைஞ்சு திரியிற ஆக்கள் எண்டு சொல்லிச்சினமோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை. பின்னேரம் திரும்ப வீடு பாக்க வருகினம். நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடன வாங்கோ."

"வேண்டாமெண்டு சொன்ன இடத்தில ஏன் அன்ரோ திரும்பத் திரும்பப் போய் நிக்கிறாய்? இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் இடம் வைச்சிருக்கினமாம். அண்ணன் காலமை போன் எடுத்துச் சொன்னவர். அங்க ஒருத்தரும் வந்து பானை சட்டி பாக்கமாட்டினம்."

"அங்க வேற ஒண்டைப் பாப்பினம். உங்கட மடியைப் பாப்பினம். முதல் வருசத்துக்கு என்னத்தை விக்கப்போறியள்? அடுத்த வருசத்துக்கு? பாதியில காசு கட்டேலாமல் போனா பிள்ளையை வெளியில விடுவினம். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில ஒருக்கால் ஏறினா ஒருத்தரும் இறக்கேலாது."

"சரி, வாறன்" என்றான் பஸ்ரியன். அந்தச் சரியில் ஏதோ இருந்தது. அதை நின்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

வீடு வீடாக இருக்க வேண்டும். அன்ரோனெற் கதவைத் திறந்து பார்த்தபோது, யன்னலால் எட்டிப் பார்த்தவர்கள் நினைத்ததில் பிழையே இல்லை என்று அவளுக்கே பட்டது. பூசாத சுவரும் வெறும் நிலமும்தான். சுவாமித் தட்டில் மெழுகுதிரி வழிந்த அடையாளம் மட்டும் கிடந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு றோசம்மா வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"ஐயோ பிள்ளை, நான்தானடி அவைக்குச் சொன்னனான். வாடிக்குப் போட்டினம், வாடை முடியத்தான் வருவினமெண்டு. எனக்கென்ன தெரியும், அதில குற்றமிருக்கெண்டு? நான் உண்மையைத்தானே சொன்னனான்."

"உங்களில பிழையில்லை அக்கா."

"பிழையோ பிழையில்லையோ, இப்ப அழுதுகொண்டிருக்க நேரமில்லை. எழும்பு. உன்ர சாமான் வராட்டி என்ன, என்ர சாமான் கிடக்கு."

அன்ரோனெற் முதலில் மாட்டேன் என்றாள். "பொய்யெல்லோ அக்கா?"

"நீ இஞ்ச இருக்கிறது பொய்யோ?"

"இல்லை."

"பிறகென்ன? உண்மைக்குத்தானே சாமான் வைக்கிறம்."

இந்த நியாயத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அன்ரோனெற்றுக்குத் தெரிந்தது. கடலில் தாழுகிறவர் கையில் அகப்படுகிற பலகை யாருடையது என்று விசாரிப்பதில்லை. அவளும் விசாரிக்கவில்லை.

றோசம்மா ஒரு குரல் கொடுத்ததும் ஒழுங்கையில் இருந்த பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். கதிரைகள் வேலிக்கு மேலால் வந்தன. ஒரு கண்ணாடி அலுமாரியை இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கிவந்தார்கள். பானை சட்டிகள், நுளம்பு வலை, பூப்போட்ட யன்னல் சீலை, யாருடையதோ கலியாணப் படம் வரைக்கும் வந்து சேர்ந்தது. கலியாணப் படத்தை மட்டும் அன்ரோனெற் திருப்பி அனுப்பினாள். கடைசியாக றோசம்மா தன் வீட்டுச் செபஸ்தியார் சுரூபத்தைக் கொண்டுவந்து சுவாமித் தட்டில் வைத்து, மெழுகுதிரியையும் கொளுத்திவிட்டாள்.

வீடு நிறைந்துவிட்டது. அன்ரோனெற் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். இவ்வளவு வடிவாக அவள் வீடு ஒருநாளும் இருந்ததில்லை. அதுவே அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

சிவலட்சுமி ரீச்சரும் மாஸ்ரரும் சொன்னபடி வந்தார்கள். பஸ்ரியன் இன்னும் வந்து சேரவில்லை.

"வந்துகொண்டிருக்கிறார் மிஸ். பஸ் பிந்திப்போச்சுப் போல. இருங்கோ" என்று அன்ரோனெற் றோசம்மாவின் கதிரையை இழுத்துப் போட்டாள். றோசம்மாவின் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள்.

ரீச்சர் குடித்தார். அலுமாரியைப் பார்த்தார், யன்னல் சீலையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"வாடியிலயிருந்து எல்லாத்தையும் கொண்டு வந்திட்டியளோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அன்ரோனெற் தலையை ஆட்டினாள். செபஸ்தியார் இருந்த பக்கம் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"நல்லது" என்று ரீச்சர் பேனையைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் ஒரு சின்ன லொறி உறுமிக்கொண்டு வந்து, அன்ரோனெற் வீட்டு வாசலில் நின்றது. பின்தட்டு முழுக்கச் சாமான். சுருட்டிய பாய்கள், கரிபிடித்த பானைகள், தலையணை, மண்ணெண்ணெய் அடுப்பு. அவற்றுக்கு மேலே, சாரத்தில் சுற்றிய அந்தோனியாரை மடியில் வைத்துக்கொண்டு பிறின்சி ராசாத்தி மாதிரி இருந்தாள்.

பஸ்ரியன் முன் இருக்கையிலிருந்து இறங்கினான். "அன்ரோ, எல்லாச் சாமானையும் கொண்டு வந்திட்டன். வந்து ஒரு கை பிடி" என்றபடி ஒரு பானையோடு உள்ளே வந்தவன், அப்படியே நின்றுவிட்டான். தன் வீட்டை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

வேலிக்கு அப்பால் நின்ற பெண்களின் தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின.

ரீச்சர் எழும்பி வாசலுக்குப் போய் லொறியைப் பார்த்தார். திரும்பி வந்து வீட்டுக்குள்ளே பார்த்தார்.

"இது உங்கட சாமானெண்டா, உள்ளுக்க இருக்கிறது ஆரின்ர?"

மறைத்து என்ன, இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை.

"ஊராக்களின்ர சாமான் மிஸ். கதிரை றோசம்மாக்கான்ர. அலுமாரி முன்வீட்டுக்காரரின்ர. நீங்கள் குடிச்ச கோப்பையும் என்ரையில்லை. எங்கட சாமான் நேரத்துக்கு வந்து சேராதெண்டு பயத்தில செய்து போட்டன். லொறியில இருக்கிறதுதான் எங்கட வீடு. நாங்கள் இஞ்சயும் அதோடதான் இருக்கிறம், அங்கயும் அதோடதான் இருக்கிறம். எங்களிட்டை இரண்டு வீட்டுக்குச் சாமான் இல்லை மிஸ்."

ரீச்சர் திறந்த பேனையை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"நான் ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லவேணும்" என்றார். "பள்ளிக்கூடம் தை மாசம் தொடங்கும். அப்பவும் வாடை அடிக்கும். நீங்களும் பிள்ளையும் இஞ்ச இருப்பியளோ, வாடிக்குப் போவியளோ?"

இருப்போம் என்று சொல்ல அன்ரோனெற் வாயைத் திறந்தாள். வலையில் மீன் கழற்றுவது அவள், காயப்போடுவது அவள், உலை வைப்பது அவள். அவள் இல்லாமல் பஸ்ரியன் ஒரு வாடை காலமும் பிழைத்ததில்லை. இப்போதுதான் ஒரு பொய் சந்திக்கு வந்து நிற்கிறது. இன்னொன்றை அதற்குமேல் ஏற்ற அவளால் முடியவில்லை.

"இனி வாடி இல்லை ரீச்சர்" என்றான் பஸ்ரியன்.

அன்ரோனெற் திரும்பிப் பார்த்தாள்.

"வாற வழியில மிசினை, பழைய மிசின் வாங்கிற வஸீர் நானாவின்ர கடையில குடுத்திட்டன். வாடியையும் பிரிச்சிட்டன். அதுதான் எல்லாச் சாமானும் வந்தது." அவன் பானையை நிலத்தில் வைத்தான். "பிள்ளையை இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில விடத்தான் வித்தனான். எங்களை வேண்டாமெண்டு சொன்ன கோபம். ஆனா இவள் உங்கட பள்ளிக்கூடத்தைத்தான் பள்ளிக்கூடமெண்டு நினைக்கிறாள். மிசின் இல்லாதவனுக்கு ஏது வாடி? இனி நாங்கள் இஞ்சதான் கிடப்பம்."

இந்தக் குடும்பத்தின் சோறு அந்த மிசினில்தான் ஓடியது. அது இனி இல்லை என்பதை அந்நிய மனிசருக்கு முன்னால், அவர்களோடு சேர்ந்துதான் அவளும் கேட்டாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவும் இடமில்லை.

சிவலட்சுமி ரீச்சர் லொறியை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு இரண்டே வரி எழுதினார்.

"உங்கட மனுசன் சொன்ன வார்த்தையை நம்பித்தான் எழுதியிருக்கிறன். குடும்பம் இனி வாடிக்குப் போகாதெண்டு. திங்கட்கிழமை முடிவு ஒட்டுவம். அதுக்கிடையில ஆரும் வந்து பாக்கலாம். அந்த நேரம் இந்த வீடு பூட்டியிருந்தா என்னால ஒண்டும் செய்யேலாது." வாசல்வரை போனவர் பிறின்சியின் கன்னத்தைத் தட்டினார். "மடியில வைச்சிருக்கிறது ஆர்?"

"அந்தோனியார். எங்கட வீட்டுக்காரர்" என்றாள் பிறின்சி.

ரீச்சரும் மாஸ்ரரும் போய்விட்டார்கள். பஸ்ரியன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அன்ரோனெற்றின் கையில் வைத்தான்.

"மிசின் வித்த காசு. இங்கிலீசுப் பள்ளிக்கூடம் இன்னும் பூட்டியிருக்காது. அங்க கட்டினா இடம் நிச்சயம். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருந்து இல்லையெண்டு வந்தா, இரண்டும் இல்லை. இதில என்ர புத்தி வேலை செய்யேல்லை. நீயே முடிவெடு."

"காசைக் குடுத்து மிசினைத் திருப்பி வேண்டினா?"

"வேண்டி என்ன செய்யிறது? வாடிக்குப் போகமாட்டமெண்டு சொல்லியாச்சே."

"காத்து மாறினா கீரிக் கடலும் அமரும். சோளகக் காத்துக்கு இஞ்சயே கடலில இறங்கலாம். அதுவரைக்கும் நான் கருவாட்டுக் கொட்டிலில நிண்டெண்டாலும் அடுப்பெரிக்கிறன். மிசின் இருந்தா எழும்பலாம். மிசின் இல்லாட்டி எந்தப் பள்ளிக்கூடத்தில விட்டாலும் பிள்ளைக்குச் சோறில்லை."

பஸ்ரியன் அவள் முகத்தைப் பார்க்காமல் பாய்களை இறக்கப் போனான். போகட்டும், வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்தாள்.

பொட்டலத்தோடு அவள் ஓட்டோவில் ஏறினாள். ஒழுங்கை முடிகிற சந்தியில் ஓட்டோக்காரன் திரும்பி, "அக்கா, எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வலப்பக்கம் போனால் இங்கிலீசுப் பள்ளிக்கூடம், நிச்சயமான இடம். இடப்பக்கம் போனால் வஸீரின் கடை. அதற்குப் பிறகு திங்கட்கிழமை வரை அந்தோனியாரும் அவளும்தான்.

"இடப்பக்கம்" என்றாள்.

வழியில் போன் அடித்தது. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்து இலக்கம். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்ந்த பிறகுதான், என்ன செய்துவிட்டேன் என்று நெஞ்சு பதறியது.

வஸீர் கடையைப் பூட்டவில்லை. பழைய மிசின்கள் வரிசையாக நின்ற இடத்தில் அன்ரோனெற் தேடினாள். மூடியில் நீலப் பெயின்ற் அடித்து, பிறின்சி ஒரு மீன் கீறிவைத்த மிசின். எத்தனை முறை பார்த்தும் அது அங்கே இல்லை.

"நானா, பஸ்ரியன்ர மிசின்? காசு அப்பிடியே கிடக்கு. திருப்பி எடுக்க வந்தனான்."

வஸீருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "தங்கச்சி, அது இப்பத்தான் போச்சு. உங்கட அத்தான் எட்வேட் வந்து ஏத்திக்கிட்டுப் போனார். குடும்பத்துக்குள்ளதானே இருக்கும் எண்டு நானும் குடுத்திட்டன்."

"அத்தானோ? அவருக்கு ஏன் இன்னொரு மிசின்?"

"சிலாவத்துறை வாடிக்கு இன்னொரு வள்ளம் இறக்கப்போறாராம். ஓட்டுறதுக்கு உங்கட பஸ்ரியன்தானாம்." வஸீர் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "உங்களுக்குத் தெரியாதா தங்கச்சி? காலையிலயே தம்பியோட பேசி முடிச்சிட்டன் எண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியப் போறாங்களாம். பெண்சாதியும் பிள்ளையும் கூடவே வருவினம், வாடிச் சமையலுக்கு வேற ஆள் தேடத் தேவையில்லை எண்டும் சொன்னார்."

திங்கட்கிழமை வரைக்கும் வீடு பூட்டியிருக்கக்கூடாது.

இனி வாடி இல்லை ரீச்சர் என்று பஸ்ரியன் சொன்ன குரல் அன்ரோனெற்றின் காதில் திரும்பவும் கேட்டது. அவன் முகத்தைப் பார்க்காமல் பாய் இறக்கப் போனதும் நினைவுக்கு வந்தது. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் கடை வாசலிலேயே நின்றாள். இன்று அந்த வீட்டில் பொய் சொன்னது தான் ஒருத்திதான் என்று இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.